வேல்ஸ் கால்வாயில் நேரோபோட் விடுமுறை: முதன்முறை சுக்கான் பிடிப்பவருக்கு

நேரோபோட் என்பது பிரிட்டனின் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய படகு. அதன் அகலம் ஏறத்தாழ 7 அடி. நீளம் 60 அடி, சிலவற்றில் அதற்கும் மேல். எடை பதினைந்து டன்னை ஒட்டி வரும். பிரேக் கிடையாது. இதை வாடகைக்கு எடுத்து ஓட்ட பிரிட்டனில் உரிமம் எதுவும் தேவையில்லை. ஒரு மணி நேரம் விளக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மனிதன் நடக்கும் வேகம்தானே என்று எல்லாரும் அலட்சியமாக ஏறுகிறார்கள். மெதுவாகப் போகும் வண்டி மெதுவாகத்தான் சொல் கேட்கும் என்பது முதல் வளைவில் தெரிகிறது. காரில் அந்த நொடியில் எடுக்கும் முடிவை இங்கே அரை நிமிடம் முன்பே எடுத்திருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் காரணம் இதுதான்.

லங்கோத்லென் கால்வாயில் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றாவது முறை அக்கா குடும்பத்துடன் போனபோது, கையைக் கட்டிக்கொண்டு நின்று அவர்களை ஓட்டவிட்டேன். பழகியவனுக்கு மறந்துபோகும் தவறுகள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன.

பெயரைப் பற்றி ஒரு சொல். வேல்ஸ் மொழியின் இரட்டை எல், நாக்கை ‘ல’வுக்கு வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊதும் ஒலி. தமிழ் எழுத்தில் அது அடங்காது. நான் எழுதியிருப்பதுபோலச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் வழி காட்டுவார்கள்.

1. எங்கிருந்து கிளம்புவது, எத்தனை நாள்

இந்தக் கால்வாய் இங்கிலாந்தின் நாண்ட்விச் அருகே ஹர்ல்ஸ்டனில் தொடங்கி, 46 மைல் வளைந்து வந்து லங்கோத்லெனில் முடிகிறது. வழியில் 21 லாக்குகள், அதாவது படகை மேலேற்றவும் கீழிறக்கவும் உள்ள கதவு வைத்த தொட்டிகள். பெரும்பகுதி இங்கிலாந்தில்தான். நடுவில் பெட்டிஸ்ஃபீல்ட் பக்கம் ஒரு சிறு துண்டைத் தவிர, சர்க் தொட்டிப்பாலத்தைத் தாண்டினால்தான் வேல்ஸ். மலையும் உயரப் பாலங்களும் அந்தக் கடைசித் துண்டில் இருப்பதால் எல்லாரும் அங்கேயே படகு எடுக்கத் துடிக்கிறார்கள்.

புதியவருக்கு நான் இங்கிலாந்துப் பக்கம், கால்வாயின் நடுப்பகுதியில் உள்ள எல்ஸ்மியரைத்தான் சொல்வேன். லங்கோத்லெனுக்கு நான்கு மைல் முன்னால் உள்ள ட்ரெவரில் எடுத்தால் கிளம்பிய சில நிமிடங்களில் 38 மீட்டர் உயரப் பாலத்தின் மேல் நிற்பீர்கள். சுக்கான் எந்தப் பக்கம் தள்ளினால் படகு எந்தப் பக்கம் போகும் என்பதே அப்போது தெரிந்திருக்காது. எல்ஸ்மியரிலிருந்து மேற்கே போனால் முதல் சில மணி நேரத்துக்குச் சுரங்கமும் இல்லை, லாக்கும் இல்லை. தவறு செய்ய இடம் இருக்கிறது.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய வழி உண்டு. மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி நேரம் வரும். ஆனால் இந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. லங்கோத்லெனுக்கு மேலே குதிரைலாட அருவி எனப்படும் அணையில் டீ நதியிலிருந்து எடுக்கும் தண்ணீர் இதன் வழியாகத்தான் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அதனால் போகும்போது எதிர்நீச்சல், திரும்பும்போது உடன்நீச்சல். போகும் நாட்களுக்குக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளுக்கு ஐந்து மணி நேரம் போதும். புதியவர்கள் எட்டு மணி நேரம் என்று திட்டமிட்டு, மூன்றாம் நாள் யாரும் யாரோடும் பேசாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

ஒரு வாரம் கிடைத்தால் எல்ஸ்மியரிலிருந்து லங்கோத்லென் வரை போய்த் திரும்புவது நிதானமான பயணம். திங்கள் முதல் வெள்ளி வரையிலான நான்கு இரவுதான் என்றால், படகை ட்ரெவர் பக்கத்திலேயே கட்டிவிட்டுக் கடைசி நான்கு மைலைக் கரைப்பாதையில் நடந்து போங்கள். இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். ஆனால் அந்த நான்கு மைல்தான் புதியவரின் நரம்பை அறுப்பது. ஏன் என்று ஒன்பதாவது பகுதியில் சொல்கிறேன்.

முன்பணம் கட்டும் முன், கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் வெளியிடும் மூடல் அறிவிப்புகளைப் பாருங்கள். குளிர்காலத்தில் பழுதுபார்க்க லாக்குகளை மூடுவது வழக்கம். ஜூலை, ஆகஸ்டில் லங்கோத்லென் பக்கம் நெரிசல். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள்.

2. படகு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஆறு பேர் படகு என்று எழுதியிருந்தால் ஆறு பேர் படுக்கலாம் என்று மட்டுமே பொருள். அதில் இரண்டு பேரின் படுக்கை பெரும்பாலும் சாப்பாட்டு மேசையை இறக்கிப் போடுவதாக இருக்கும். முதலில் எழுபவர் காபி போட வேண்டுமானால் அந்த இருவரும் எழ வேண்டும். நான்கு பேர் போனால் ஆறு பேர் படகு எடுங்கள்.

டீசல் வாடகைக்குள் அடக்கமா, சேதத்துக்கான வைப்புத்தொகை எவ்வளவு, கழிப்பறைத் தொட்டி பயணம் முழுக்கத் தாங்குமா, நடுவில் காலி செய்ய வேண்டுமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் பிறகு வேறு விதமாகக் கஷ்டப்பட்டார்கள்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மின் குக்கர் போன்றவற்றை அது தாங்காது. அடுப்பு எரிவாயுவில் எரிவதால் பிரஷர் குக்கர் தாராளமாக வேலை செய்யும். அரைக்க வேண்டியதை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போங்கள்.

3. என்ன எடுத்துப் போவது

மடிக்கக்கூடிய பைகள். பெட்டியை வைக்கப் படகில் இடமே இல்லை.

தோல் கையுறை ஒரு ஜோடி, ஈரக் கயிறு உள்ளங்கையை உரிக்காமலிருக்க. மழைச்சட்டையோடு மழைக் காற்சட்டையும் வேண்டும். சுக்கான் பிடிப்பவருக்குக் கூரை கிடையாது, மழைக்காக யாரும் நிறுத்துவதும் இல்லை. வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணி. தலைவிளக்கு. பாலங்களின் எண்கள் குறித்த கால்வாய் வரைபடம். ஒவ்வொரு பாலத்திலும் எண் பலகை இருக்கும். அவசர உதவிக்கு 999 அழைத்தால் நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல அதைவிட நல்ல முகவரி இல்லை.

உயிர்காப்பு அங்கியை நிறுவனமே தரும். குழந்தைகளும் நீச்சல் தெரியாதவர்களும் மேல்தளத்துக்கு வரும்போதெல்லாம் போட்டிருக்கட்டும்.

4. படகை ஒப்புக்கொள்ளும் ஒரு மணி நேரம்

பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு விளக்கம் நடக்கும். இதில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று: ஒருவர் மட்டும் கேட்பார், மற்றவர்கள் மளிகைச் சாமான் ஏற்றுவார்கள். இரண்டு பேராவது முழுவதும் உடன் நிற்க வேண்டும். விளக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் காலை எந்தத் தொப்பி டீசலுக்கு, எந்தத் தொப்பி தண்ணீருக்கு என்று சண்டை வரும்.

கண்ணால் பார்க்காமல் விடக்கூடாத இடங்கள்: எரிவாயுவை அடைக்கும் வால்வு, தீயணைப்பான், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, சுத்தியலும் கட்டுமுளைகளும், புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்வதை எடுக்க அதன் மேலே உள்ள களைத்துளை. லாக் திறக்கும் விண்ட்லாஸ் எத்தனை என்று எண்ணுங்கள். எல் வடிவ இரும்புக் கைப்பிடி அது. இரண்டு இருந்தால் மூன்றாவது கேளுங்கள். ஒன்று நிச்சயம் தண்ணீருக்குள் போகும்.

5. ஓட்டும் முன் கட்டப் பழகுங்கள்

முதல் மாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே கரை கட்ட வேண்டும். வாடகைப் படகுகளை இருட்டிய பிறகு ஓட்ட அனுமதி இல்லை.

கரைப்பாதை இருக்கும் பக்கம் நேரான, ஆழமான இடமாகப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து, மூக்கை லேசான சாய்வில் கரைக்குக் காட்டுங்கள். மூக்கு நெருங்கியதும் நியூட்ரல், பிறகு ரிவர்ஸ். அதுதான் பிரேக். படகு நின்ற பிறகு, நடுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி ஒருவர் காலை எடுத்துக் கரையில் வைக்க வேண்டும். தாவக்கூடாது. தாவியவர்களில் ஒருவர் என் அத்தான். ஈரப் புல், முழங்கால், பிறகு மூன்று நாள் அவர் சமையலறைப் பொறுப்பு.

நடுக் கயிற்றை முதலில் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. முன் கயிற்றை மட்டும் இழுத்தால் வால் நடுக்கால்வாய்க்குப் போகும். பின் கயிற்றை இழுத்தால் மூக்கு போகும். நடுவைப் பிடித்தால் முழுப் படகும் பக்கவாட்டில் வரும்.

பிறகு மூக்குக்குச் சற்று முன்னாலும் வாலுக்குச் சற்றுப் பின்னாலும் முளை அடித்துக் கட்டுங்கள். கரையோரம் இரும்புத் தகடு இருந்தால் முளைக்குப் பதில் அதில் மாட்டும் கொக்கியைப் பயன்படுத்தலாம். இரண்டும் கட்டியதும் நடுக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். இரவில் அதுவும் இறுக்கமாக இருந்தால், பக்கத்தில் படகு போகும்போதெல்லாம் உங்கள் படகு சாயும்.

வளைவில், பாலத்தடியில், தண்ணீர்க் குழாயின் முன், லாக்குக்காகக் காத்திருக்கும் இடத்தில் கட்டாதீர்கள். முளையின் மேல் வெள்ளைத் துணியோ பிளாஸ்டிக் பையோ சுற்றிவிடுங்கள், நடந்து வருபவர் தடுக்கி விழக்கூடாது.

6. சுக்கான்

சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் மூக்கு இடப்பக்கம் போகும். இது பத்து நிமிடத்தில் பழகிவிடும். பழகாத விஷயங்கள் வேறு இரண்டு.

முதலாவது, படகு நடுவில் ஊசி குத்தியதுபோலச் சுழல்கிறது. மூக்கு இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும். நீங்கள் நிற்பது வாலில். புதியவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். வால் பாலத்தின் தூணில் போய் இடிக்கும். பாலத்துக்குள் மூக்கு நுழைந்ததும் திருப்பத் தொடங்காதீர்கள், வாலும் உள்ளே வந்த பிறகு திருப்புங்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கான்மேல் அடித்தால்தான் படகு திரும்பும். புதருக்குள் போகிறோம் என்று பயந்து விசையைக் குறைப்பவர், அதே நொடியில் சுக்கானின் பிடிமானத்தையும் இழக்கிறார். அக்கா மகள் இப்படியே மூன்று முறை ஒரே ஆலிவ் நிறப் புதருக்குள் போய் வந்தாள். செய்ய வேண்டியது நேர்மாறு: முன்பே மெதுவாகிவிட வேண்டும், திருப்பும் இடத்தில் சுக்கானை முழுக்கத் தள்ளி ஒரு சிறு விசை கொடுக்க வேண்டும். ரிவர்ஸில் சுக்கான் ஏறக்குறைய வேலையே செய்யாது. நிறுத்த மட்டும்தான் அது.

ரிவர்ஸில் சுக்கான் பிடி திடீரென ஒரு பக்கம் வீசக்கூடும். அது வீசும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது; அது இடித்தால் விழும் இடத்துக்குக் கீழே புரொப்பெல்லர் இருக்கிறது.

இடிக்கப் போகிறது என்றால் இடிக்கட்டும். கை, கால், கழி எதையும் நடுவில் நீட்டாதீர்கள். நடை வேகத்தில் வரும் பதினைந்து டன்னுக்கு எலும்பு ஒரு பொருட்டே இல்லை. படகின் பக்கத்தில் இடிதாங்கும் இரும்புப் பட்டை அதற்காகத்தான் ஓடுகிறது.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். பின்னால் அலை உடைந்து கரையில் அடித்தால் அந்த இடத்துக்கு அதுவே அதிகம். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது விசையை முழுக்கக் குறையுங்கள். உள்ளே யாரோ தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

7. எதிரே படகு வந்தால்

இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டனிலும் சாலையில் இடப்பக்கம் போகிறவர்கள், தண்ணீரில் வலப்பக்கம் போக வேண்டும். கை தானாக இடப்பக்கம் இழுக்கும், கவனம்.

யாரும் வராதபோது நடுவிலேயே போங்கள், அங்கேதான் ஆழம். எதிர்ப் படகு நெருங்கும்போது மட்டும் வலப்பக்கம் ஒதுங்குங்கள். மிக முன்னதாக, மிக ஓரமாக ஒதுங்கினால் சேற்றில் ஏறிவிடுவீர்கள். மூக்கும் மூக்கும் தாண்டியதும் நடுவுக்குத் திரும்பத் தொடங்குங்கள்.

பாலத்தடியில் ஒரு படகுக்குத்தான் இடம். அதற்கு அருகில் இருப்பவர் முதலில் போகட்டும். சந்தேகமாக இருந்தால் நீங்கள் நில்லுங்கள்.

8. லாக்

லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள கல்தொட்டி. மதகைத் திறந்து தண்ணீரை விட்டு, படகை மேலேற்றுவது அல்லது கீழிறக்குவது. எல்ஸ்மியருக்கும் லங்கோத்லெனுக்கும் நடுவே நியூ மார்ட்டனில் இரண்டே இரண்டு. அதனால் பழகும் முன் முடிந்துவிடும். அதனாலேயே தவறும் நடக்கும்.

போகும்போது ஏற்றம். விண்ட்லாஸுடன் இருவரைக் கீழேயே இறக்கிவிடுங்கள். தொட்டி காலியாக இருந்தால் கீழ்க் கதவைத் திறக்கலாம். நிரம்பியிருந்து மேலே ஒரு படகு வருகிறதென்றால், முறை அவர்களுடையது. அந்தத் தண்ணீரை வீணாக்கக் கூடாது.

லாக்கின் பக்கத்தில் உபரிநீர் வேகமாக வந்து விழும். நுழையும்போது அது மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும். புதியவர் அங்கே பயந்து விசையைக் குறைத்துச் சுவரில் மோதுவார். தூரத்திலேயே நேராக்கிக்கொண்டு, விசையை விடாமல் உள்ளே வாருங்கள்.

உள்ளே வந்ததும் கீழ்க் கதவையும் அதன் மதகுகளையும் மூடுங்கள். பிறகு மேல் மதகைப் பாதி மட்டும் திறந்து, படகு அமைதியானதும் மீதியைத் திறங்கள். முழுக்கத் திறந்தால் வெள்ளம் படகை இழுத்து முன்கதவில் அடிக்கும். மட்டம் சமமானதும் கதவு தானாக இளகும். இளகும் முன் தள்ளுவது முதுகுக்குத்தான் கேடு.

திரும்பும்போது இறக்கம். இதில்தான் படகு மூழ்கும் ஆபத்து இருக்கிறது. மேல் கதவின் அடியில், தண்ணீருக்குள் ஒரு கல் வாசற்படி தொட்டிக்குள் நீண்டிருக்கும். அது எதுவரை என்று சுவரில் வெள்ளைக் கோடு காட்டும். வால் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் தண்ணீர் இறங்கும்போது வால் படியில் உட்கார்ந்துவிடும், மூக்கு மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சுக்கான் பிடித்தவர் அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. படம் எடுப்பதெல்லாம் வேறு யாராவது. படகைக் கயிற்றால் கரையோடு முடிச்சுப் போட்டுக் கட்டவும் கூடாது, அது அந்தரத்தில் தொங்கும்.

ஏதாவது சரியில்லை என்றால் சுக்கான் பிடித்தவர் கத்த வேண்டிய ஒரே சொல் ‘மூடு’. திறந்த மதகை உடனே மூட வேண்டும், காரணம் பிறகு கேட்கலாம்.

விண்ட்லாஸை மதகின் அச்சில் மாட்டியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். பல்சக்கரத்தின் கொக்கி நழுவினால் அது சுழன்று பறந்து தாடையை உடைக்கும்.

9. சுரங்கம், தொட்டிப்பாலம், பிறகு அந்த நான்கு மைல்

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: பள்ளத்தாக்கின் மேல் தண்ணீரைச் சுமந்து போகும் பாலம். இங்கே அந்தத் தண்ணீரில் படகும் போகிறது.

முதலில் வருவது சர்க். தொட்டிப்பாலம் முடிந்ததும் எதிரே 421 மீட்டர் சுரங்கம். ஒரு வழிதான். முன்விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே பாருங்கள். எதிரே விளக்கு தெரிந்தால் காத்திருங்கள். எதிர்நீரோட்டத்தில் படகு ஊர்ந்துதான் போகும். அதிக விசை கொடுத்தால் வால் இன்னும் தாழ்ந்து, வேகம் கூடாமல் சத்தம் மட்டும் கூடும். பிறகு ஒயிட்ஹவுஸ் சுரங்கம், அது சிறியது.

அடுத்து பொன்ட்கசுல்தே. 307 மீட்டர் நீளம், வார்ப்பிரும்புத் தொட்டி. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பித் தடுப்பும். மறுபக்கம் எதுவுமே இல்லை. தொட்டியின் விளிம்பு தண்ணீருக்குச் சற்று மேலே, அதற்கப்பால் டீ நதிவரை வெறும் காற்று. குழந்தைகள் படகுக்குள்ளோ முன்தளத்திலோ பெரியவர் பிடியில் இருக்கட்டும். கூரைமேல் யாரும் வேண்டாம். தொட்டி படகைவிட அதிகம் அகலமில்லை என்பதால் ஓட்டுவதற்கு இதைவிட எளிதான இடம் கால்வாயில் கிடையாது. உரசிக்கொண்டு நேராகப் போகும். மேலே ஏற்கெனவே படகு இருந்தால் நுழையாதீர்கள்.

பாலம் முடிந்ததும் நேரே போனால் ட்ரெவர் படகுத்துறை. லங்கோத்லெனுக்கு இடப்பக்கம் செங்குத்தாகத் திரும்ப வேண்டும். கண் பாலத்திலேயே இருக்கும்போது இந்தத் திருப்பம் வந்துவிடும், ஆகவே முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

இனி வருவது நான் சொன்ன நான்கு மைல். பல இடங்களில் ஒரு படகுக்குத்தான் அகலம். ஆழமும் குறைவு, நீரோட்டமும் வலுவு. எதிரே படகு வந்துவிட்டால் யாராவது ரிவர்ஸ் எடுக்க வேண்டும். ரிவர்ஸில் சுக்கான் வேலை செய்யாது என்று மேலே படித்தீர்கள். அதனால் ஒருவர் கைபேசியுடன் கரைப்பாதையில் முன்னால் நடந்து, ஒடுக்கமான பகுதியின் மறுமுனையில் நின்று வழி காலியா என்று சொல்ல வேண்டும். காலியானால் மட்டும் நுழையுங்கள். காலை ஒன்பதுக்கு முன் கிளம்பினால் எதிர்ப்படகுகள் குறைவு.

லங்கோத்லென் படகுத்துறையில் குதிரை இழுக்கும் படகுகள் நிற்கும், அவற்றுக்கு வழி விடுங்கள். அதற்குச் சற்று மேலே உள்ள குளத்தில் கட்டவும் திரும்பவும் முடியும். அதற்கு அப்பால் எஞ்சின் படகுகளுக்கு அனுமதி இல்லை.

10. படகைத் திருப்புதல்

கால்வாயின் அகலம் படகின் நீளத்தைவிடக் குறைவு. அதனால் திருப்புவதற்கென அகலப்படுத்திய இடங்களில் மட்டுமே திரும்ப முடியும். வரைபடத்தில் குறித்திருக்கும், அங்கே எத்தனை அடிப் படகு திரும்பலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது மைல் கணக்கில் தள்ளி இருக்கும். மூக்கைக் கரையின் குழிவில் மெல்ல வைத்து, சுக்கானை முழுக்கத் தள்ளி, வாலைச் சுற்றவிடுங்கள். காற்று அடிக்கும் திசைக்கு எதிராகச் சுற்ற முயலாதீர்கள்.

11. காலை மாலை வேலைகள்

காலையில் எஞ்சின் எண்ணெய் பார்ப்பது. மாலையில், புரொப்பெல்லர் தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் கிரீஸ் திருகியை ஒரு சுற்று. தண்ணீர்த் தொட்டியைக் குழாய் கண்ட இடத்தில், தினமும். காலியான பிறகு தேட ஆரம்பித்தால் குழாய் வராது.

படகு இழுக்கவில்லை, புகை அதிகம் என்றால் புரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது. எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, களைத்துளையைத் திறந்து எடுங்கள். மூடியைத் திரும்ப இறுக்கமாக மாட்டியதை இன்னொருவரும் சரிபார்க்க வேண்டும். சரியாக மூடாமல் எஞ்சினைப் போட்டால் புரொப்பெல்லர் கால்வாய்த் தண்ணீரைப் படகுக்குள்ளேயே இறைத்துவிடும்.

சமையல் எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது நேரே கால்வாய்க்குப் போகிறது. அடுப்பு எரியும்போது காற்றுத் துளைகளைக் குளிருக்காக அடைக்காதீர்கள்.

கடைசி நாள் காலை ஒன்பது மணிக்குப் படகைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். முந்தைய இரவே ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வந்து கட்டுங்கள். பெட்டி கட்டிக்கொண்டே ஓட்டுகிறவர்கள்தான் படகுத்துறை வாசலில் இடிக்கிறார்கள். சாவியைக் கொடுக்கும் முன் விண்ட்லாஸ்களை எண்ணிப் பாருங்கள். அவர்களும் எண்ணுவார்கள்.